பொது அறிவும் காந்த ஊசியும்

கடலூர் துறைமுகச் சந்திப்பில் ரயில் ஏறிச் சிதம்பரத்தில் இறங்குவது ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் பயணம்தான். ஆனால் நாள்தோறும் அதே பெட்டியில் அதே முகங்களுடன் செல்லும்போது பேச்சுக்குப் பஞ்சம் வந்துவிடுகிறது. எங்கள் குழுவில் ஒரு வங்கி ஊழியர், ஒரு தமிழாசிரியர், மின்வாரியத்தில் பணிபுரியும் ஒருவர், இயற்பியல் ஆசிரியனான நான், ஆக நால்வர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விளையாட்டைத் தொடங்கினோம். ஒருவர் பொது அறிவுக் கேள்வி ஒன்று கேட்க வேண்டும். மற்ற மூவரும் விடை சொல்ல வேண்டும். வாரக் கடைசியில் யார் மிகவும் பின்தங்கியிருக்கிறாரோ அவர் எல்லோருக்கும் தேநீர் வாங்கித் தருவார். இயற்பியல்காரன் என்பதால் எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தேநீருக்கு நான் செலவழித்த தொகையை என் வீட்டில் சொல்வதில்லை.

இந்த விளையாட்டு புதியதன்று. நம் பாட்டிமார்கள் திண்ணையில் விடுகதை போட்டதும் இதன் ஒரு வகைதான். மேடை, நடுவர், அணிகள் என்ற இன்றைய உருவில் இந்தியாவில் இதைத் தொடங்கி வைத்தவர் நீல் ஓ பிரையன். 1967இல் கல்கத்தாவில் நடத்தினார். 1985இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு நடத்திய 'குவிஸ் டைம்' நிகழ்ச்சி அதை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. பள்ளிகளில் இன்று வினாடி வினா இல்லாத ஆண்டு விழா ஏது?

எங்கள் ஆட்டத்தில் ரயில் பாதையே பாதிக் கேள்விகளைத் தந்துவிடும். பரங்கிப்பேட்டை நிலையம் வந்தால், 1781இல் இங்கே ஐதர் அலியுடன் போரிட்ட ஆங்கிலத் தளபதி யார் என்பார் தமிழாசிரியர். (ஐர் கூட்.) சேலத்து இரும்புத் தாதுவைக் கொண்டுவந்து 1830 வாக்கில் இதே ஊரில் இரும்பு உருக்கியவர் யார் என்பேன் நான். (ஜோசையா மார்ஷல் ஹீத்.) இவையெல்லாம் தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் தெரியாது. யோசித்து விடை காண வழியில்லை. இத்தகைய கேள்விகள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அவற்றில் நான் தோற்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எனக்குப் பிடித்தது மின்வாரிய நண்பர் ஒருமுறை கேட்ட கேள்வி. "கடலூரில் 'குண்டு சாலை' இருக்கிறது, 'குண்டு உப்பலவாடி' என்று ஊரே இருக்கிறது. அது என்ன குண்டு?" நால்வரில் மூவர் அந்தச் சாலையில் ஆயிரம் முறை போனவர்கள், ஒருவரும் யோசித்ததில்லை. அது பீரங்கிக் குண்டு! 1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. கோட்டையோடு சேர்த்து, அதிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அவ்வளவு தூரத்து நிலமும் வாங்கியவருக்கே என்பது ஒப்பந்தம். நாலாபுறமும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம்வரை உள்ள ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' ஆயின.

இதில் இயற்பியலும் இருக்கிறது. பீரங்கியை 45 பாகை சாய்த்துச் சுட்டால் குண்டு மிக அதிகத் தொலைவு செல்லும் என்று படிக்கிறோம். குண்டின் வேகம் நொடிக்கு 400 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் 16 கிலோமீட்டருக்கும் மேல் வருகிறது. கணக்கு சரிதான், ஆனால் அது காற்றே இல்லாத உலகத்துக் கணக்கு. உருண்டைக் குண்டை காற்று பிடித்து நிறுத்திவிடுவதால் அக்காலப் பீரங்கிகள் சில கிலோமீட்டருக்கு மேல் எட்டியதில்லை. காற்று இல்லாதிருந்தால் கம்பெனிக்கு எவ்வளவு நிலம் கிடைத்திருக்கும் என்று நீங்களே பரப்பளவைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

இப்படி நடந்துகொண்டிருந்த விளையாட்டில் ஒருநாள் வங்கி நண்பர் சோர்ந்த முகத்துடன் வந்தார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகள் முந்தைய நாள் ஒரு வினாடி வினாப் போட்டியில் ஒரே ஒரு மதிப்பெண்ணில் கோப்பையை இழந்திருந்தாள். கடைசிக் கேள்வி இது: 'உலகின் காந்த நடுக்கோட்டின் மையம் எங்கே உள்ளது? அ) தும்பா, ஆ) சிதம்பரம், இ) உஜ்ஜயினி, ஈ) கிரீனிச்.' அவள் தும்பா என்றாள். நடுவர் தவறு என்று சொல்லி, சிதம்பரம் என்ற அணிக்கு மதிப்பெண் தந்துவிட்டார். "சிதம்பரத்துப் பெண்ணுக்கே சிதம்பரம் தெரியவில்லையே" என்று மேடையில் ஒரு சிரிப்பு வேறு. இரவு முழுதும் அழுதாளாம்.

"நீங்கள் சொல்லுங்கள் சார், எது சரி?" என்றார் நண்பர்.

இந்தச் செய்தியை நீங்களும் கைபேசியில் படித்திருப்பீர்கள். நடராசர் கோயில் உலகின் காந்த நடுக்கோட்டின் மையத்தில் அமைந்துள்ளது என்று தொடங்கும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது எனக்கு வந்துவிடுகிறது. முதலில் கேள்வியின் சொற்களையே பாருங்கள். காந்த நடுக்கோடு என்பது பூமியைச் சுற்றி வரும் ஒரு மூடிய கோடு. அதற்கு மையம் எங்கே இருக்கும்? ஒரு வளையலைக் கையில் எடுத்து, இதன் வளைவில் நடுப்புள்ளி எது என்று கேட்பது போன்றது இது. ஆகவே கேள்வியே தவறு. சரி, 'மையம்' என்ற சொல்லை எடுத்துவிடுவோம். அந்தக் கோடு சிதம்பரம் வழியாகவாவது போகிறதா?

இதை அறிய ஓர் ஊசி போதும். 1581இல் இலண்டனில் ராபர்ட் நார்மன் என்ற திசைகாட்டி செய்யும் தொழிலாளி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர் எஃகு ஊசியைச் சரிசமமாக நிறுத்தி, பிறகு காந்தமேற்றுவார். காந்தமேற்றியவுடன் ஊசியின் வட முனை கீழே சாய்ந்துவிடும். கனம் கூடிவிட்டதோ என்று எண்ணி முனையை நறுக்கி நறுக்கிச் சமப்படுத்துவது வழக்கம். ஒருமுறை சிரமப்பட்டுச் செய்த நல்ல ஊசி ஒன்று, அளவுக்கு மீறி நறுக்கியதால் பாழாகிவிட்டது. கோபத்தில்தான் அவர் இதன் காரணத்தை ஆராயத் தொடங்கினார். கனம் கூடவில்லை, பூமியின் காந்தப்புலமே அங்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்று கண்டார். கிடைத்தளத்துடன் ஊசி செய்யும் இந்தக் கோணத்தையே காந்தச் சரிவு என்கிறோம்.

காந்தத் துருவங்களில் ஊசி செங்குத்தாக நிற்கும். இரண்டு துருவங்களுக்கும் இடையில் எங்கே ஊசி சற்றும் சாயாமல் கிடையாக நிற்கிறதோ, அந்த இடங்களை இணைக்கும் கோடுதான் காந்த நடுக்கோடு. அது புவியின் நிலநடுக்கோட்டோடு ஒட்டிப் போவதில்லை. பெரு நாட்டில் 12 பாகை அளவுக்குத் தெற்கே இறங்கியிருக்கிறது. நம் பக்கம் வடக்கே ஏறி இந்தியாவின் தென்கோடியைத் தொட்டுச் செல்கிறது. ஒரே இடத்தில் நிலைத்தும் நிற்பதில்லை. பூமியின் உட்பகுதியில் உருகிய இரும்பு ஓடிக்கொண்டிருப்பதால் ஆண்டுக்கு ஆண்டு மெல்ல நகர்கிறது.

தும்பாவை விக்ரம் சாராபாய் தேர்ந்தெடுத்ததற்கு இந்தக் கோடே காரணம். இதற்கு நேர் மேலே, 100 கிலோமீட்டரை ஒட்டிய உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு வலிமையான மின்னோட்டம் ஓடுகிறது. அதை ஆராய வேண்டுமானால் கோட்டின் அடியிலிருந்தே ராக்கெட் ஏவ வேண்டும். 1963 நவம்பர் 21இல் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. இதே காரணத்துக்காகத்தான் இந்தியப் புவிகாந்த நிறுவனம் திருநெல்வேலிக்கு அருகில் ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. ஆக அந்தப் பெண் சொன்ன விடையே உண்மைக்கு நெருங்கியது.

சிதம்பரத்தின் நிலை என்ன? பூமியை ஒரு எளிய சட்டக் காந்தமாகக் கொண்டால், சரிவுக் கோணத்தின் டேன்ஜென்ட், காந்த அட்சரேகையின் டேன்ஜென்டைப்போல் இருமடங்கு. சிறு கோணங்களுக்கு டேன்ஜென்டை மறந்துவிட்டுக் கோணத்தையே இரட்டிப்பாக்கலாம். சிதம்பரம் 11 பாகை 24 கலை வட அட்சரேகையில் உள்ளது. காந்த நடுக்கோடு நம் தென்முனையில் ஏறத்தாழ 8 பாகையை ஒட்டிப் போகிறது. வித்தியாசம் 3 பாகைக்குச் சற்று மேல். பாகைக்கு 111 கிலோமீட்டர் என்றால், கோடு சிதம்பரத்துக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே இருக்கிறது. ஊசி இங்கே ஆறு பாகை அளவுக்குச் சாய வேண்டும்.

காகிதத்தில் போட்ட கணக்கை அந்தப் பெண் நம்பியதாகத் தெரியவில்லை. "வாட்சப்பிலும் எழுத்தில்தானே அங்கிள் இருந்தது" என்றாள். நியாயமான பேச்சு. ஒரு சனிக்கிழமை தந்தையுடன் எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்கு வரச் சொன்னேன். சரிவு வட்டம் என்னும் கருவியை இரும்பு மேசையிலிருந்து எடுத்து, வெளியே வேப்பமரத்தடியில் ஒரு மர முக்காலியின்மேல் வைத்தோம். மட்டம் பார்த்து, வட்டத்தைக் காந்த வடக்கு-தெற்குத் தளத்துக்குத் திருப்பி அவளே அளவெடுத்தாள். ஊசியின் இரு முனைகளையும் படித்து, கருவியைத் திருப்பி வைத்துப் படித்து, ஊசிக்கு மறுபடி எதிர்த்துருவமாகக் காந்தமேற்றிப் படித்து, எல்லாவற்றுக்கும் சராசரி கண்டாள். ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் வந்தது. பழைய கருவி, இதற்கு மேல் துல்லியம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் சுழி இல்லை என்பது கண்ணுக்கே தெரிந்தது. தில்லியில் இதே ஊசி 40 பாகைக்கும் மேல் சாயும் என்றதும், அங்கே இருக்கும் தன் மாமாவை அளக்கச் சொல்லப்போவதாகச் சொன்னாள்.

அதே கைபேசிச் செய்தியில் இன்னும் இரண்டு தகவல்கள் இருக்கும். சிதம்பரம், காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர், திருக்காளத்தி ஆகிய மூன்று கோயில்களும் ஒரே தீர்க்கரேகையில் உள்ளன என்பது ஒன்று. இது ஏறக்குறைய உண்மை! மூன்றுமே 79 பாகை 42 கலையை ஒட்டி, ஒரு கலைக்கும் குறைந்த வேறுபாட்டில் இருக்கின்றன. ஒரு கலை என்பது இங்கே 1.8 கிலோமீட்டர். ஆனால் பஞ்சபூதத் தலங்களில் மற்ற இரண்டான திருவண்ணாமலையும் திருவானைக்காவும் இந்தக் கோட்டில் இல்லை. செய்தியில் அவற்றைச் சொல்வதில்லை. மற்றொன்று, பொன்னம்பலத்துக் கூரையில் 21,600 ஓடுகள், அது மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கை என்பது. நிமிடத்துக்கு 15 மூச்சு என்று கொண்டால் பெருக்கல் சரியாக வருகிறது. எனக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் நினைவுக்கு வருவது வேறு: ஒரு வட்டத்தில் 360 பாகை, பாகைக்கு 60 கலை, ஆக 21,600 கலை. ஆரியபட்டர் தம் சைன் அட்டவணைக்கு வட்டத்தின் சுற்றளவை இந்த எண்ணாகவே எடுத்துக்கொண்டார். உண்மையும் பொய்யும் பாதி உண்மையும் ஒரே செய்தியில் கலந்து வருவதுதான் இதில் உள்ள தொல்லை.

நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எதுவுமே தெரியாதவர் பத்துக் கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், பத்தும் சரியாவதற்கான நிகழ்தகவு 10,48,576இல் ஒன்று. ஆனால் சராசரியாக இரண்டரைக் கேள்விகள் தாமாகவே சரியாகிவிடும். தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழித்தால் இந்த ஆதாயம் சராசரியில் சுழியாகிவிடும். ஏழரைத் தவறுக்கு இரண்டரை போய்விடுகிறதல்லவா? என்றாலும் விடையைச் சீர்தூக்கிக் குறித்தவரையும் ஊகித்துக் குறித்தவரையும் விடைத்தாள் பிரித்துக் காட்டாது. எனவே எங்கள் ரயில் விளையாட்டில் இப்போது ஒரு புது விதி. விடைக்கு ஒரு மதிப்பெண், 'அது எப்படித் தெரியும்?' என்பதற்கு இரண்டு. கேள்வி கேட்டவருக்கும் இந்த விதி உண்டு. தன் விடைக்கு ஆதாரம் சொல்ல முடியாதவர் அன்றே தேநீர் வாங்க வேண்டும். விதி வந்த முதல் வாரத்தில் தமிழாசிரியர் நான்கு நாள் வாங்கினார்.

கோப்பை திரும்பி வரவில்லை. அது வேறு பள்ளியின் அலமாரியில் இருக்கிறது. அந்தப் பெண் இப்போது எங்களுக்கே கேள்வி அனுப்புகிறாள். சென்ற வாரம் தந்தையிடம் கொடுத்தனுப்பியது: "நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் வந்து நிற்கிறது என்கிறோமே, கடலூரில் ஆண்டுக்கு எத்தனை நாள் அப்படி நிற்கும்?" வங்கி நண்பருக்கு விடை தெரியும் என்பதால் அவர் வாயைத் திறக்கவில்லை. மின்வாரியக்காரர் 365 என்றார். சரியான விடை இரண்டே நாள். ஏப்ரல் 20, 21 வாக்கில் ஒன்று, ஆகஸ்ட் 22 வாக்கில் மற்றொன்று. நம் கடிகாரம் 82 அரைப் பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. கடலூர் அதற்கு மேற்கே இருப்பதால் 12 மணிக்குப் பார்த்தால் தவறிவிடும். ஏப்ரலில் 12 மணி 10 நிமிடத்துக்கும், ஆகஸ்டில் 12 மணி 14 நிமிடத்துக்கும் ஒரு நேரான குச்சியை வெயிலில் செங்குத்தாக நட்டு வைத்து, அதன் நிழல் எங்கே போகிறது என்று பாருங்கள்.