உங்களுக்குத் தெரியுமா? தகரக் கூரையும் தண்ணி கூலரும்

பள்ளி விடுமுறைக்கு நெகிரி செம்பிலான் ரந்தாவ் பக்கம், அக்காவின் தோட்டத்து வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் கம்ப்யூட்டரைப் பிரித்து மேசையெல்லாம் பரப்பி வைத்திருந்தான். "மாமா, ஓவர்கிளாக் பண்ணப் போறேன். காத்து கூலரா, தண்ணி கூலரா?" ஓவர்கிளாக் என்றால், கம்ப்யூட்டரின் மூளையான சிபியுவைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. அவனிடம் சொன்னதும் சொல்ல மறந்ததும் இங்கே.

கூலர் என்று பெயர்தான். கடையில் விற்கிற காற்று கூலரோ தண்ணி கூலரோ, எதுவும் சிபியுவை அறை வெப்பத்துக்குக் கீழே இறக்காது. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளும், அவ்வளவுதான். யூடியூபில் சோதித்துக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தகரக் கூரைக்குக் கீழே மதியம் இரண்டு மணிக்கு 33 டிகிரி. அங்கே 75 டிகிரி காட்டிய சிபியு இங்கே 86, 87 காட்டும். கூலரைக் குறை சொல்லிப் பயனில்லை.

காற்று கூலருக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது! செப்புக் குழாய்கள் நாலோ ஆறோ வளைந்து மேலே போகின்றன அல்லவா, அவை வெறும் உலோகக் கம்பிகள் அல்ல. ஒவ்வொன்றுக்குள்ளும் சில துளித் தண்ணீர். உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவதால் 100 டிகிரி வரை காத்திருக்காமல் சீக்கிரமே ஆவியாகிறது. மேலே அலுமினியத் தகடுகளிடம் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி நீராகி, குழாயின் உட்சுவரில் இருக்கும் செப்புத் துகள் திரி வழியே கீழே வருகிறது. மோட்டாரும் இல்லை, பம்பும் இல்லை. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும். அதே கிராமை ஆவியாக்க 2,200-க்கும் மேல் வேண்டும். இத்தனை சூட்டைச் சில துளிகள் சுமப்பது அதனால்தான். இதற்கு 'ஹீட் பைப்' என்ற பெயர் நிலைத்தது 1963-ல், அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் செய்த வேலைக்குப் பிறகு.

தண்ணி கூலரில் தண்ணீர் கூலிக்காரன்தான். சூட்டைச் சுமந்து ரேடியேட்டர் வரை கொண்டுபோகும். அங்கே அதை ஏற்றுக்கொள்வது கடைசியில் காற்றுதான். மூடி முத்திரையிட்டு வரும் கூலரில் இருக்கும் தண்ணீரும் அதிகமில்லை. 200 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். 250 வாட் சூடு உள்ளே இறங்கும்போது ரேடியேட்டர் காற்றாடி நின்றுபோனால், அந்தத் தண்ணீர் 10 டிகிரி ஏற அரை நிமிடம் ஆகும். காற்றாடி சுற்றும்வரை இந்தத் தாமதமே ஒரு வசதி. சில நொடி மட்டும் பாய்கிற வேலையில் தண்ணி கூலர் சத்தம் போடாது, காற்று கூலர் உடனே அலறும். ஒரு மணி நேரம் வீடியோ ரெண்டர் செய்தால் இந்த வித்தியாசம் பெருமளவு கரைந்துவிடும். அப்புறம் பேசுவது ரேடியேட்டரின் அளவுதான். 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் பெரிய காற்று கூலரை முந்தும். 120-க்குக் காசு கொடுப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

அந்தக் கறுப்புக் குழாய் நம் தோட்டத்துப் பால் அல்ல. தாத்தா காலத்தில் விடியுமுன் உளியோடு போய்ச் சீவி, மங்கில் சேர்த்த கித்தாப் பாலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தண்ணி கூலரின் ரப்பர் குழாய் பெரும்பாலும் ஈபிடிஎம் எனும் செயற்கை ரப்பர். இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. ஓசோனும் சூடும் அவற்றைத் தாக்கி வெடிப்பு விழச் செய்யும். ஈபிடிஎம் சங்கிலியின் முதுகில் அந்தப் பலவீனம் கிடையாது. அப்படியிருந்தும் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நீராவி குழாய்ச் சுவர் வழியே கசிந்து போகும். குறைந்த இடத்தில் காற்றுக் குமிழி சேரும். குமிழி எப்போதும் மேலே ஏறுவதால், பம்ப் இருக்கும் இடம் ரேடியேட்டரின் உச்சியைவிட உயரமாக இருக்கக் கூடாது. மாற்றிப் பொருத்தினால் பம்ப் களகளவென்று சத்தம் போட்டே சாகும்.

8 சதவீத வேகத்துக்கு 37 சதவீத சூடு. கணக்கு எளிது. சிபியுவின் இயக்கச் சூடு வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு இருமடியாகவும் ஏறும். 5.0 கிகாஹெர்ட்ஸை 5.4 ஆக்க, 1.20 வோல்ட்டை 1.35 ஆக்குகிறீர்கள் என்றால் பெருக்கிப் பாருங்கள். அக்கா மகன் போனில் இருமுறை பெருக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தான். வோல்டேஜ் விஷயத்தில் கூலராலும் காப்பாற்ற முடியாத கதை உண்டு: இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைச் சிபியுகள் சில நிலைதடுமாறியபோது, அளவு மீறிய வோல்டேஜ் கேட்பு ஒரு காரணம் என்று நிறுவனமே 2024-ல் ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது.

95 டிகிரி காட்டினால் பயப்பட வேண்டாம், சில சமயம். ரைசன் 7950எக்ஸ் முழு வேலையில் 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நிற்கும்படிதான் ஏஎம்டி வடிவமைத்தது. நல்ல கூலர் போட்டால் சூடு குறையாது, வேகம் கூடும். இன்டெல் 14900கே 253 வாட் வரை இழுக்கும். அதற்குப் பெரிய ரேடியேட்டர் நியாயம். 65 வாட் சிபியுவுக்குத் தண்ணி கூலர் வாங்குவது, தேக்கரண்டி சாம்பாரை லாரியில் அனுப்புவது போல.

உங்கள் சிபியு மலேசியாவுக்கு ஏற்கெனவே வந்துபோயிருக்கலாம். இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பினாங்கில் தொடங்கியது 1972-ல். பல இன்டெல் சிபியுகளின் உலோக மூடியில் 'மலாய்' என்று பொறித்திருக்கும். தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்குச் சில்லு புதிது அல்ல. பாக்டரி பஸ் ஏறி செனாவாங் பக்கம் சில்லு ஆலைக்குப் போய் வந்த அக்காமார்கள் எத்தனை பேர்!

ஐஸ் போட்டால்? போடாதீர்கள். 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் 26 டிகிரிக்குக் கீழே போகும் எந்தப் பொருளிலும் வியர்வை பூக்கும். மதர்போர்டில் பூத்தால் கதை முடிந்தது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் ஊற்றிச் சாதனை படைக்கிறவர்கள் மதர்போர்டை வாசலின் தடவியும், ஓவியர்கள் பிசைந்து அழிக்கும் ரப்பரை அப்பியும் காக்கிறார்கள். பென்சில் கோட்டைத் தேய்த்து அழிப்பதாலேயே ஆங்கிலத்தில் நம் கித்தாப் பாலுக்கு 'ரப்பர்' என்று பெயர் வந்தது என்பது தனிக் கதை.

ஒட்டுப்பால் மாதிரி. அன்று அவன் பழைய கூலரைத் திருகிக் கழற்றியபோது, சூட்டைக் கடத்த சிபியு மேல் தடவியிருந்த பேஸ்ட் மரப்பட்டையில் காய்ந்த ஒட்டுப்பால் போல உதிர்ந்தது. தகடுகளுக்கு நடுவே செம்மண் தூசி, ஒரு பல்லி முட்டை ஓடு, எறும்பு ஊர்வலம். தூரிகையால் துடைத்து, புது பேஸ்ட் தடவி மூட்டியதும் 11 டிகிரி இறங்கியது. செலவு 20 வெள்ளிக்குள். 2013 ஜூன் புகைமூட்டத்தில் பக்கத்து ஜொகூர் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐத் தொட்டது நினைவிருக்கிறதா? அப்படி வந்தால் ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளும் சேர்ந்தே அடைத்துக்கொள்ளும்.

கெட்டால் என்ன ஆகும்? காற்று கூலரில் கெடக்கூடியது காற்றாடி ஒன்றுதான். எந்தக் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். தண்ணி கூலரில் பம்ப் நின்றால் மொத்தக் கூலரும் குப்பை, மாற்று வருகிற வரை கம்ப்யூட்டரும் படுக்கை. என் பம்ப் நின்றபோது விற்ற கடைக்காரர் ஆறு வாரம் அலைய விட்டார். தண்ணி கூலருக்குச் சாதகமான ஒன்றும் உண்டு: மதர்போர்டில் பெரிய எடை தொங்காது. இரட்டைக் கோபுரக் காற்று கூலரான நாக்டுவா டி15, காற்றாடிகளோடு 1.32 கிலோ, 165 மில்லிமீட்டர் உயரம். பெட்டி மூடுமா என்று முதலில் அளந்து பாருங்கள். தீபாவளிக்குக் கம்ப்யூட்டரைக் காரில் கொண்டுபோகிறவர்கள், குண்டும் குழியுமான தோட்டத்துச் சாலையில் அந்த எடை மதர்போர்டில் தொங்காதபடி பெட்டியைப் படுக்க வையுங்கள்.

நம் மாநிலத்தின் பெரிய தண்ணி கூலர் போர்ட்டிக்சன் கடலோரத்தில் இருக்கிறது: துவாங்கு ஜாபார் மின்நிலையம். கடல்நீரைக் கொண்டு நீராவியைக் குளிர்விக்கிறது. அடுத்தது டேட்டா சென்டராக இருக்கும். அதே வட்டாரத்தில் ஏறக்குறைய 390 ஏக்கர் நிலத்தை அதற்காக வாங்கப்போவதாக 2024-ல் கமுடா நிறுவனம் அறிவித்தது.

அக்கா மகன் இன்னும் எதையும் வாங்கவில்லை. 200 வெள்ளிக்குள் ஓர் இரட்டைக் கோபுரம் பார்த்து வைத்திருக்கிறானாம். மேசையை மட்டும் வெயில் படும் மேற்குச் சுவரிலிருந்து சமையலறைப் பக்கம் நகர்த்தியிருக்கிறான். அக்காவுக்கு அதுதான் கோபம்.