சிபாரிசில் வளர்ந்தவர் கொண்டுவந்த பரீட்சைச் சட்டம்

அமெரிக்க ஜனாதிபதிகளின் பெயர்களைச் சொல்லச் சொன்னால் வாஷிங்டன், லிங்கன், ரூஸ்வெல்ட், கென்னடி என்று நம்மில் பலரும் கடகடவென்று சொல்லிவிடுவோம். செஸ்டர் ஆலன் ஆர்தர் என்ற பெயர் அந்த வரிசையில் வராது. அமெரிக்கர்களிலேயே பலர் அவரை மறந்துவிட்டார்கள். 1881 முதல் 1885 வரை பதவியில் இருந்த 21ஆவது ஜனாதிபதி அவர். அரசாங்க வேலை ஆளுங்கட்சிக்காரர்கள் பங்கு போட்டுக்கொள்ளும் சொத்து அல்ல, தகுதி உள்ளவருக்கு உரியது என்ற கொள்கை அமெரிக்காவில் நிலையான சட்டமானது அவருடைய கையெழுத்தால்தான். அந்தக் கையெழுத்தைப் போட்டவரோ அதுவரை சிபாரிசு அரசியலின் தயவில் வளர்ந்தவர். அவர் எப்படி மாறினார், எந்த அளவுக்கு மாறினார் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

ஒரு நல்ல தொடக்கம்

ஆர்தர் 1829ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதி வெர்மாண்ட் மாநிலத்தில் ஃபேர்ஃபீல்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அயர்லாந்திலிருந்து வந்த பாப்டிஸ்ட் சபைப் போதகர். அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்தவர். மகன் சட்டம் படித்து நியூயார்க் நகரில் வழக்கறிஞரானார்.

1854இல் எலிசபெத் ஜென்னிங்ஸ் என்ற கறுப்பின ஆசிரியை, வெள்ளையருக்கான குதிரை டிராம் வண்டியில் ஏறியதற்காக வலுக்கட்டாயமாக இறக்கிவிடப்பட்டார். அவருக்காக வாதாடியவர் இளம் வழக்கறிஞரான ஆர்தர். 1855இல் தீர்ப்பு ஜென்னிங்ஸுக்குச் சாதகமாக வந்தது. 225 டாலர் நஷ்டஈடும் கிடைத்தது. ரோசா பார்க்ஸ் பேருந்தில் எழுந்திருக்க மறுத்ததற்கு நூறு ஆண்டுகள் முந்திய சம்பவம் இது. இப்படித் தொடங்கிய மனிதர்தான் பிறகு வேறொரு பாதையில் போனார்.

சுங்க அலுவலகம் என்னும் பொற்சுரங்கம்

அக்காலத்தில் அமெரிக்காவில் ஆட்சி மாறினால் தபால்காரர் முதல் குமாஸ்தா வரை வேலையாட்களும் மாறுவார்கள். தேர்தலில் உழைத்தவனுக்கு வேலை, வேலை கிடைத்தவன் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சி நிதிக்குக் கொடுக்க வேண்டும், அந்த நிதியில் அடுத்த தேர்தல் என்று சக்கரம் சுழன்றது. ஆண்ட்ரூ ஜாக்சன் 1829இல் பதவிக்கு வந்த பிறகு இது ஒரு முறையாகவே வேரூன்றியது.

இந்தச் சக்கரத்தின் அச்சாணி நியூயார்க் துறைமுகத்தின் சுங்க அலுவலகம். வருமான வரி இல்லாத காலம் அது. மத்திய அரசின் முக்கிய வருவாய் சுங்கம். அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த ஒரே துறைமுகத்தில் வசூலானது. சுமார் ஆயிரம் பேர் வேலை பார்த்தார்கள். 1871இல் ஜனாதிபதி கிராண்ட் இதன் தலைமை வசூல் அதிகாரியாக ஆர்தரை நியமித்தார். நியூயார்க் குடியரசுக் கட்சியின் முடிசூடா மன்னராக இருந்த செனட்டர் ராஸ்கோ கான்க்ளிங்கின் வலது கை என்பதுதான் ஆர்தரின் முதல் தகுதி. வணிகர்களிடம் வசூலான அபராதத்தில் அதிகாரிக்கும் பங்கு உண்டு என்ற அன்றைய விதியால், 1874இல் அந்த விதி ஒழிக்கப்படும்வரை அவருடைய ஆண்டு வருமானம் 50,000 டாலரைத் தொட்டது. அன்றைய ஜனாதிபதியின் சம்பளமும் அவ்வளவுதான்!

ஆர்தர் தன் சட்டைப்பைக்குக் கையூட்டு வாங்கினார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் கட்சிக்காரர்களை அலுவலகத்தில் நிரப்பியதும், அவர்களிடம் கட்சிக்குப் பணம் திரட்டியதும் அவர் காலத்தில் ஜாம் ஜாம் என்று நடந்தன. 1877இல் ஜனாதிபதி ஹேய்ஸ் விசாரணைக் குழு அமைத்தார். ஊழியர்களில் ஐந்தில் ஒருவரைக் குறைக்கலாம் என்று குழு சொன்னது. 1878இல் ஆர்தர் பதவியிலிருந்து அகற்றப்பட்டார்.

அத்தோடு அவர் அரசியல் முடிந்திருக்க வேண்டும். 1880இல் குடியரசுக் கட்சி மாநாடு 36 சுற்று வாக்கெடுப்புக்குப் பிறகு ஜேம்ஸ் கார்ஃபீல்டை ஜனாதிபதி வேட்பாளராக்கியது. கோபத்திலிருந்த கான்க்ளிங் கோஷ்டியைச் சமாதானப்படுத்தத் துணை ஜனாதிபதி இடத்தை ஆர்தருக்குக் கொடுத்தார்கள். அதற்குமுன் எந்தத் தேர்தலிலும் மக்கள் வாக்கைப் பெற்றுப் பதவிக்கு வராதவர் அவர்.

இரண்டு குண்டுகள், ஒரு கடிதம்

1881 ஜூலை 2ஆம் தேதி வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சார்லஸ் கிட்டோ என்பவன் கார்ஃபீல்டைச் சுட்டான். தேர்தலில் உழைத்ததற்காகப் பாரிஸ் தூதரக வேலை தனக்குக் கிடைக்க வேண்டும் என்று அலைந்து ஏமாந்தவன் அவன். பிடிபட்டபோது, தான் ஆர்தரின் கோஷ்டியைச் சேர்ந்தவன் என்றும், இனி ஆர்தர்தான் ஜனாதிபதி என்றும் சொன்னான். கொலையில் ஆர்தருக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனாலும் நாடு அவரைச் சந்தேகத்தோடும் வெறுப்போடும் பார்த்தது. கார்ஃபீல்ட் இரண்டரை மாதம் உயிருக்குப் போராடிச் செப்டம்பர் 19ஆம் தேதி இறந்தார். முந்தைய ஆண்டுதான் மனைவியை இழந்திருந்த ஆர்தர், நள்ளிரவு கடந்த வேளையில் நியூயார்க்கிலுள்ள தன் வீட்டிலேயே பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன், ஆகஸ்ட் இறுதியில், அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஜூலியா சாண்ட். நோயால் பெரும்பாலும் வீட்டிலேயே முடங்கிக் கிடந்த 31 வயதுப் பெண். இருவருக்கும் அறிமுகமே கிடையாது. மக்கள் கலங்குவது கார்ஃபீல்ட் சாகிறார் என்பதைவிட நீங்கள் வருகிறீர்களே என்பதால்தான் என்று அவர் முகத்துக்கு நேராக எழுதினார். அதோடு நிறுத்தவில்லை. உங்களுக்குள் நல்லது இருந்தால் அது வெளிப்பட வேண்டிய நேரம் இதுவே என்றும், தவறு செய்தவன் அதை உணர்ந்து உறுதியோடு திரும்புவதும் உயர்ந்த குணம்தான் என்றும் எழுதினார். இப்படி 1883 வரை 23 கடிதங்கள் எழுதினார். அரசவையில் மன்னனிடம் உண்மையைச் சொல்ல உரிமை பெற்ற குள்ளனைப் போன்றவள் நான் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். 1882 ஆகஸ்டில் ஒருநாள் மாலை, முன்னறிவிப்பு ஏதுமின்றி, ஜனாதிபதியே அவர் வீட்டுக்கு நேரில் போய்ச் சுமார் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தார்.

ஒரு பெண்ணின் கடிதம் மட்டுமே ஆர்தரை மாற்றியது என்று சொன்னால் அது கதையாகிவிடும். கார்ஃபீல்டின் மரணம் எழுப்பிய மக்கள் கோபம், 1882 தேர்தலில் கட்சிக்குக் கிடைத்த அடி, பதவியின் கனம் எல்லாம் சேர்ந்தே வேலை செய்தன. ஆனால் அந்தத் திசையில் அவர் நடந்தார் என்பது உண்மை. கான்க்ளிங்கின் கட்டளைக்கு இணங்க மறுத்தார். தபால் ஒப்பந்த மோசடியில் தன் கட்சிக்காரர்கள்மீதே வழக்கு நடத்த விட்டார். தொகுதிகளுக்கு வாரி வழங்கும் துறைமுகச் செலவு மசோதாவைத் தடுத்தார். காங்கிரஸ் அதை மீறி நிறைவேற்றியது. கடைசியாக, 1883 ஜனவரி 16ஆம் தேதி பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

சட்டம் என்ன செய்தது?

குறிப்பிட்ட அரசு வேலைகளுக்குப் போட்டித் தேர்வு, தேர்வை நடத்த மூவர் கொண்ட ஆணையம், கட்சி நிதி தராததற்காக ஊழியரை நீக்கத் தடை ஆகிய மூன்றும் இதன் சாரம். தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்கு வேலைகளே இதன்கீழ் வந்தன. ஆனால் ஜனாதிபதி விரும்பினால் பட்டியலை விரிக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. பின்னால் வந்த ஜனாதிபதிகள், பதவி இழக்கும் தறுவாயில் தாங்கள் நியமித்தவர்களைக் காப்பாற்றப் பட்டியலை விரித்தார்கள். சுயநலமே சீர்திருத்தத்துக்கு உரமாயிற்று!

இதில் நமக்குச் சுவையான ஒரு செய்தி உண்டு. ஆணையத்தின் முதல் தலைவர் டோர்மன் ஈட்டன், முன்னதாகவே பிரிட்டன் சென்று அங்குள்ள தேர்வு முறையை ஆராய்ந்து நூல் எழுதியவர். அந்தப் பிரிட்டிஷ் முறை பெரிய அளவில் முதலில் சோதிக்கப்பட்டது இந்தியாவுக்கான அதிகாரிகளைப் பொறுக்குவதில்தான்; மெக்காலே குழுவின் அறிக்கைப்படி 1855இல் லண்டனில் முதல் பொதுத் தேர்வு நடந்தது. பிரிட்டனுக்கான அறிக்கையை 1854இல் எழுதிய இருவரில் ஒருவரான சார்லஸ் ட்ரெவெல்யன், 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தவர்.

இன்னும் பின்னால் போனால் நூல் சீனாவில் முடிகிறது. தேர்வெழுதி அதிகாரியாகும் வழக்கம் அங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. பிரிட்டனில் நடந்த விவாதங்களில் ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் சீனாவை உதாரணம் காட்டினார்கள். 1868இல் பாஸ்டனில் சீனத் தூதுக்குழுவுக்கு அளித்த விருந்தில் பேசிய எமர்சன், இந்த விஷயத்தில் சீனா நம்மைவிட முன்னே நிற்கிறது என்று பாராட்டினார்.

அதே பேனா

இங்கேதான் ஆர்தரின் சீர்திருத்தத்தின் எல்லை தெரிகிறது. சீனத் தொழிலாளர்கள் 20 ஆண்டுகளுக்கு அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்ற மசோதாவை அவர் 1882 ஏப்ரலில் தடுத்தார். காங்கிரஸ் அதைப் பத்து ஆண்டுகளாகக் குறைத்து அனுப்பியபோது, மே 6ஆம் தேதி கையெழுத்திட்டுவிட்டார். அமெரிக்காவில் இருந்த சீனர்கள் குடியுரிமை பெறவும் அது தடை போட்டது. பத்து ஆண்டு என்று தொடங்கியது புதுப்பிக்கப்பட்டு, நிரந்தரமாக்கப்பட்டு, 1943வரை நீடித்தது. அந்த வழியிலேயே 1917இல் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதிகளுக்கும் கதவு அடைக்கப்பட்டது. 1965இல் சட்டம் மாறிய பிறகே நம்மவர்கள் பெருமளவில் அங்கே குடியேற முடிந்தது. ஜென்னிங்ஸுக்காக வாதாடிய அதே மனிதர்தான் இதற்கும் கையெழுத்திட்டார்.

ஆர்தருக்குச் சிறுநீரக நோய் இருந்தது. அதை வெளியே சொல்லவில்லை. 1884இல் மறுபடி வேட்பாளராக அவர் முனைந்து பாடுபடவில்லை. கட்சியும் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தது. 1886 நவம்பர் 18ஆம் தேதி தமது 57ஆவது வயதில் இறந்தார்.

பெண்டில்டன் சட்டத்தின் ஆணையம் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் கலைக்கப்பட்டு, அதன் பணிகள் வேறு அமைப்புகளுக்குப் போயின. எந்த ஊழியரை ஜனாதிபதி விருப்பம்போல் நீக்கலாம் என்ற சண்டை மட்டும் தீரவில்லை. 2020இலும் 2025இலும் வந்த ஜனாதிபதி உத்தரவுகளால் அது மீண்டும் சூடு பிடித்தது. வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் தேடி அலைந்த அனுபவம் உள்ள நம் ஊர்க்காரர்களுக்கு அந்தச் சண்டையின் பொருளை விளக்கத் தேவையில்லை.

இறக்குமுன் ஆர்தர் தம் தாள்களையெல்லாம் எரிக்கச் சொன்னார். பெட்டி பெட்டியாக எரிந்தன. ஜூலியா சாண்டின் 23 கடிதங்கள் தப்பின. 1958இல் அவை ஆர்தரின் பேரனிடமிருந்து காங்கிரஸ் நூலகத்துக்கு வந்து சேர்ந்தன.