அஞ்சியவர்கள் அணி திரண்டபோது

பிழைப்புக்காக வெளி மாநிலம் போகிறவர்களுக்கு வேலை கிடைக்கச் சில நாள் ஆகலாம். பயம் மட்டும் ரயிலை விட்டு இறங்கிய அன்றே வந்து ஒட்டிக்கொள்கிறது. மேஸ்திரி முகம் சுளித்தால் பயம். வீட்டுக்காரர் கூப்பிட்டு அனுப்பினால் பயம். சம்பளச் சீட்டில் கணக்கு உதைத்தாலும், 'ஏன்?' என்று கேட்கப் பயம். "நமக்கேன் வம்பு?" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வருஷங்களை ஓட்டிவிடுகிறவர்கள் எத்தனையோ பேர்.

அப்படித் தலைமுறை தலைமுறையாகப் பயத்தோடு வாழ்ந்த தமிழ்ப் பெண்கள், ஒரு நாள் ரோட்டுக்கு வந்தார்கள். அவர்களுடைய கதை நம் எல்லோருக்கும் பாடம்.

இடுக்கி மாவட்டத்தில் மூணாறுக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது பள்ளிவாசல். கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் 1940-ல் இயங்கத் தொடங்கிய இடம் இது. இங்கிருந்து மேலே ஏறினால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தேயிலைதான். 1877-ல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு அரசரிடம் குத்தகைக்கு எடுத்த கண்ணன் தேவன் மலைகள் இவை. காட்டை வெட்டித் தோட்டமாக்க, கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள். அப்படி வந்தவர்களின் பேத்திகள் பலர் அதே மலையில் கொழுந்து எடுக்கிறார்கள்.

வீடே பயத்துக்குக் காரணம்

தோட்டத் தொழிலாளி குடியிருப்பது கம்பெனி வீடு. 'லயம்' என்று அங்கே சொல்லும் வரிசை வீடுகள். வேலை உள்ளவரை வீடு உண்டு. ஓய்வு பெற்ற பிறகு, குடும்பத்தில் வேறு யாரும் தோட்ட வேலையில் இல்லாவிட்டால் சட்டி பானையைக் கட்ட வேண்டியதுதான். மலையில் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்கள்தான் அதிகம். சொந்தக் கிராமத்துக்குத் திரும்பலாம் என்றால், அங்கே அடையாளம் கண்டு "வா" என்று சொல்ல ஆள் இருக்க வேண்டுமே!

வேலை போனால் கூரையும் போகும் என்ற நிலையில் யார்தான் அஞ்ச மாட்டார்கள்? அதைக் கோழைத்தனம் என்று சொல்வது பாவம். அது காரணம் உள்ள பயம்.

2015 செப்டம்பர்

அந்த ஆண்டு போனஸ் 10 சதவீதம் என்று அறிவிப்பு வந்தது. முந்தைய ஆண்டு கிடைத்ததில் ஏறக்குறைய பாதி. அப்போது ஒரு நாள் கூலி 232 ரூபாய். அதற்குக் குறைந்தது 21 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும். அட்டைக் கடியும் குளிரும் தனி.

தொழிற்சங்கத் தலைவர்கள் பேசி முடிக்கட்டும் என்று பெண்கள் இந்த முறை காத்திருக்கவில்லை. ஆயிரக்கணக்கில் திரண்டு, மூணாறில் கொச்சி-தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 20 சதவீதம் போனஸ், 500 ரூபாய் கூலி என்பது கோரிக்கை. ஒற்றுமைக்கு வைத்த பெயர் 'பொம்பிளை ஒருமை'. லிஸ்ஸி சன்னி, கோமதி அகஸ்டின், இந்திராணி மணிகண்டன் ஆகியோர் முன்னால் நின்றார்கள். சமரசம் பேச வந்த சங்கத் தலைவர்களைப் பெண்கள் திருப்பி அனுப்பினார்கள். அந்த நாட்டில் அதற்கு முன் காணாத காட்சி அது.

செப்டம்பர் 13-ந் தேதி இரவு, முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில் கொச்சியில் நடந்த பேச்சு முடிந்தது. போனஸ் 8.33 சதவீதம், கருணைத் தொகை 11.67 சதவீதம், ஆக மொத்தம் கேட்ட 20 சதவீதமும் கிடைத்தது.

தைரியம் எங்கிருந்து வந்தது?

அந்தப் பெண்களுக்கு யாரும் வீர மருந்து கொடுக்கவில்லை. ஒரே சரிவில் வரிசையாக நின்று வேலை செய்தவர்கள். ஒரே லயத்தில் சுவருக்குச் சுவர் வாழ்ந்தவர்கள். தனக்கு மட்டும் என்று ஒளித்து வைத்திருந்த பயம், பக்கத்து வீட்டிலும் இருக்கிறது என்று தெரிந்ததும் பாதி பாரம் இறங்கிவிடுகிறது. ஒருத்தியை வேலையை விட்டு நிறுத்தலாம். மலை முழுவதையும் நிறுத்த முடியுமா? அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு.

இன்னொன்று, அவர்களுக்குக் கணக்கு தெரிந்திருந்தது. போன வருஷம் எவ்வளவு, இந்த வருஷம் எவ்வளவு, எவ்வளவு வேண்டும் என்று விரல் விட்டுச் சொன்னார்கள். கணக்குத் தெரிந்தவன் கேள்வி கேட்டால் எதிரில் இருப்பவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வெற்றியோடு கதை முடிந்துவிடவில்லை. 500 ரூபாய் கேட்ட கூலி, அக்டோபரில் 301 ரூபாயில்தான் நின்றது. நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலில் பொம்பிளை ஒருமையினர் சிலர் வென்றார்கள். பிறகு தலைவிகளுக்குள் பிளவு வந்து அமைப்பு மெலிந்தது. 2020 ஆகஸ்ட் 6-ந் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்கள் புதைந்து 70 உயிர்கள் போயின. 'எங்களுக்குச் சொந்த நிலமும் வீடும் வேண்டும்' என்ற குரல் மறுபடியும் எழுந்தது. முன்வரிசையில் அப்போதும் கோமதி இருந்தார்.

இன்று ஆக்கிய சோறு நாளைக்குப் பழையதாகிவிடும். நாளைக்கும் உலை வைக்க வேண்டும். தைரியமும் அப்படித்தான். ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் போதும் என்று இருந்துவிட முடியாது.

பெங்களூரில் பட்டறையிலோ, பம்பாயில் ஆபீசிலோ வேலை பார்ப்பவர்களுக்கும் வழி இதுதான். சம்பளச் சீட்டை எறிந்துவிடாமல் பத்திரப்படுத்துங்கள். பிடித்தம் என்ன, பி.எப். எவ்வளவு என்று கணக்குப் பார்த்து வையுங்கள். மனதை அரிக்கும் பயத்தைப் பக்கத்தில் வேலை பார்ப்பவரிடம் சொல்லுங்கள். சின்ன விஷயத்தை முதலில் கேட்டுப் பழகுங்கள். கேட்பதை மரியாதையாக, எழுத்தில், நாலு பேர் கையெழுத்தோடு கேளுங்கள்.

மூணாறு ரோட்டில் முதல் நாள் உட்கார்ந்த பெண்களுக்கும் நெஞ்சு படபடத்திருக்கும். படபடப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தால் அவர்கள் இன்னும் லயத்துக்குள்ளேயே இருந்திருப்பார்கள். பயத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்களே, அதற்குப் பெயர்தான் தைரியம்.