சதுரங்கப் பலகையின் நெல்மணிகள்

கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களில் நெல்லை மணி மணியாக எண்ணுபவர் எவருமிலர். புசலிலும் மூட்டையிலும் அளப்பதே உழவர் வழக்கம். ஆயினும், ஒற்றை மணியில் தொடங்கிய கணக்கினால் ஓர் அரசன் தோற்றுப்போன கதையொன்று உண்டு.

கேரளத்து அம்பலப்புழையில் வழங்கும் கதை அது. சதுரங்கம் ஆட வந்த முனிவர் ஒருவர், தாம் வென்றால் பலகையின் முதற் கட்டத்துக்கு ஒரு மணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என இரட்டித்து, அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் தருமாறு கேட்டார். அற்பப் பரிசென எண்ணி அரசன் இசைந்தான், ஆட்டத்தில் தோற்றான்.

நெல்மணிகளைக் கொண்டே இதனைக் கணக்கிடுவோம். எட்டுக் கட்டங்களில் 255 மணிகள். ஒரு கைப்பிடிக்கும் குறைவு. பதினாறு கட்டங்களில் 65,535. ஆயிரம் மணிகள் 25 கிராம் எனக் கொண்டால், இது இரண்டு கிலோகிராமும் ஆகாது. பாதிப் பலகை நிறையும்போது 4,294,967,295 மணிகள்; ஏறத்தாழ 107 தொன். ஏக்கருக்கு ஒன்றரைத் தொன் விளைந்தால், எழுபத்திரண்டு ஏக்கர் வயல் இதனைத் தந்துவிடும்.

முழுப் பலகைக்கோ 18,446,744,073,709,551,615 மணிகள் வேண்டும். இருபது இலக்கங்கள் கொண்ட இவ்வெண்ணின் நிறை நாற்பத்தாறாயிரம் கோடித் தொன்னைக் கடக்கும். உலகம் முழுவதும் இன்று ஓராண்டில் விளையும் நெல் ஏறத்தாழ எண்பது கோடித் தொன். ஆகவே, ஐந்நூறு ஆண்டு விளைச்சலும் இக்கடனைத் தீர்க்கப் போதாது.

இவ்வெண்ணுள் வேறொரு விந்தையும் உண்டு. 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தும் தம்மாலும் ஒன்றாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதவை. முதலெண்ணோடு இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும். அதன்பின், அதுவரை வந்தவற்றையெல்லாம் பெருக்கி இரண்டைக் கூட்டினால் அடுத்தடுத்த எண் கிடைக்கும். ஐந்தையும் பெருக்கினால் பாதிப் பலகையின் தொகை வரும். அதனுடன் இரண்டைக் கூட்டினால் 4,294,967,297. இவ்விரண்டையும் பெருக்கினால் முழுப் பலகையின் தொகை பிறக்கும்.

இந்த ஆறாவது எண்ணும், அதன்பின் வருவனவும் அவ்வாறே வகுபடாதவை என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுக் கணித மேதை பேர்மா நம்பினார். 1732இல் ஒயிலர் அந்நம்பிக்கையைத் தகர்த்தார். ஆறாவது எண் 641ஆல் மீதியின்றி வகுபடுகிறது, ஈவு 6,700,417. ஐயமுறுவோர் தாளும் எழுதுகோலும் கொண்டு பெருக்கிப் பார்க்கலாம்.

முதற் சில கட்டங்களைக் கண்டு அரசன் ஏமாந்தான். முதல் ஐந்து எண்களைக் கண்டு மேதையும் ஏமாந்தார். இருவர் பிழையும் ஒன்றே. வட்டிக்கு வட்டி ஏறும் கடன் பத்திரமும் இத்தகைய பலகையேயாம். விதைப்புக் காலத்தில் சிறிதெனத் தோன்றும் தொகையை ஏற்று ஒப்பமிடுமுன், கடைசிக் கட்டம்வரை கணக்கிட்டுப் பார்ப்பவனே களஞ்சியத்தைக் காத்துக்கொள்வான்.