வேலையற்ற சுரப்பி என்றார்கள்

நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கிறது தைமஸ் சுரப்பி. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருக்கும். பருவ வயதுக்குப் பிறகு மெல்லச் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். பெரியவர்களிடம் வற்றிப்போகிற உறுப்புக்கு என்ன வேலை இருந்துவிடப் போகிறது என்றே 1950கள் வரை பலரும் எண்ணினார்கள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தூக்கத்தில் திடீரென இறந்த குழந்தைகளை அறுத்துப் பார்த்தபோது தைமஸ் 'வீங்கி' இருந்தது. அதுதான் மூச்சை நெரித்தது என்று முடிவு கட்டினார்கள். அமெரிக்காவில் 1907இல் தொடங்கி, நோயே இல்லாத பச்சிளங்குழந்தைகளின் நெஞ்சில்கூட எக்ஸ் கதிர் பாய்ச்சி அதைச் சுருக்கினார்கள். உண்மையில் வீக்கமே கிடையாது. உடற்கூறு மேசைக்கு வந்தவை பெரும்பாலும் ஏழைகளின் உடல்கள். பசியும் நெடுநாள் நோயும் தைமஸை வற்றவைத்துவிடும். அந்த வற்றலைத்தான் இயல்பான அளவு என்று எழுதிவைத்திருந்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. கதிர் பட்ட குழந்தைகளில் சிலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது.

1961இல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்த கையோடு சுண்டெலிக் குட்டிகளின் தைமஸை எடுத்துப் பார்த்தார். குட்டிகள் தேறவில்லை. லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் குறைந்து, தொற்றுக்கு மடிந்தன. வேறு இன எலியின் தோலை ஒட்டினாலும் உடல் அதை அந்நியமென்று தள்ளவில்லை. வளர்ந்த எலிகளில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது புலப்படவில்லை. அதற்குள் சுரப்பி தன் வேலையில் பெரும்பகுதியை முடித்துவிட்டிருந்தது.

என்ன வேலை என்று இன்று தெரியும். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் இளம் செல்கள் இங்கே வந்து தேர்வு எழுதுகின்றன. எதையும் அடையாளம் காணத் தெரியாதவை மடிகின்றன. சொந்த உடலையே தாக்கக்கூடியவையும் அழிக்கப்படுகின்றன. நூற்றுக்கு ஐந்துகூடத் தேறுவதில்லை. தேறியவை டி செல்கள். பிறந்து 3 நாளான எலிக்குட்டியின் தைமஸை எடுத்தால், அதன் உடல் தன் உறுப்புகளையே தாக்கிக்கொள்ளும். அந்தப் புதிரை விடாமல் துரத்திய ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, தாக்குதலை அடக்கிவைக்கும் தனி வகை டி செல்களை 1995இல் அடையாளம் காட்டினார். 2025இல் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவரோடும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பெரியவர்களுக்குத் தைமஸ் தேவையில்லை என்ற எண்ணமும் ஆட்டம் கண்டிருக்கிறது. 2023இல் பாஸ்டனில் வெளியான ஆய்வில், நெஞ்சு அறுவை செய்துகொண்ட பெரியவர்களை ஒப்பிட்டார்கள். தைமஸை இழந்தவர்களில் 5 ஆண்டுக்குள் இறந்தவர்கள் 8.1 சதவீதம்; இழக்காதவர்களில் 2.8.