கணிப்பொறியின் படிப்பும் பாடபேத முறையும்

தஞ்சை மாவட்டத்துப் பட்டுக்கோட்டை வட்டத்தில் உள்ள கடற்கரையூர் அதிராம்பட்டினம். இணையத்து உரைகளைத் தானே படித்துச் செய்திகளைத் திரட்டும் கணிப்பொறி ஒன்று, இவ்வூரைப் பற்றி எதனை, எவ்வாறு அறியும் என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

இத்தகைய முயற்சிகளுள் குறிப்பிடத்தக்க ஒன்று, 2010 சனவரியில் அமெரிக்க நாட்டுக் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் தலைமையில் தொடங்கியது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'நெல்' என வழங்கினர். காவிரி நாட்டு நெல்லோடு அதற்கு இயைபு ஏதுமில்லை. தமிழ் படிக்கும் பொறி இவ்விரண்டையும் வேறறிய இடர்ப்படும் என்பது வேறு.

அப்பொறி ஆங்கில உரைகளையே படித்தது. அதன் முறையைத் தமிழில் வைத்து விளக்கின் எளிதாகும். 'தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற நகரங்கள்' என வருமிடத்துப் 'போன்ற நகரங்கள்' என்பதன்முன் நிற்பன நகரப் பெயர்கள் என்று கொள்ளும். அப்பெயர்கள் பயிலும் வேறு தொடர்களைத் தேடும். அத்தொடர்களால் மேலும் பெயர்களை அறியும். ஒரு செய்தி பலவிடத்துக் காணப்படின் அதன்பால் நம்பிக்கை மிகும். இவ்வாறு 67 நாள்களில் 2,42,000க்கு மேற்பட்ட செய்திகளைத் திரட்டிற்று. அவற்றுள் நூற்றுக்கு 74 சரியானவை என ஆய்வாளர் மதிப்பிட்டனர்.

தமிழ் உரைக்கு வருங்கால் முதலில் எதிர்ப்படுவது உருபியல். அதிராம்பட்டினம் என்பது அத்துச்சாரியை பெற்று அதிராம்பட்டினத்தில், அதிராம்பட்டினத்துக்கு எனத் திரியும். அதிரை என மருவியும் வழங்கும். இவை யாவும் ஓரூரே எனப் பொறி உணர்தல் வேண்டும். 'அதிரை உப்பு' என்னும் தொகையிலோ, 'இல் விளைந்த' என்னும் உருபும் பயனும் உடன்தொக்கன. தொக்கதனை விரித்துக் காணாதவழி ஊருக்கும் உப்புக்கும் உள்ள தொடர்பு புலனாகாது. எனினும் இஃது இலக்கண அறிவால் நீங்கும் இடர்ப்பாடே.

நீங்காத இடர்ப்பாடு எண்ணிக்கையைச் சான்றாகக் கொள்வதில் உளது. அதிராம்பட்டினம் 2021இல் நகராட்சியாக உயர்த்தப்பெற்றது. அதற்கு முற்பட்ட உரைகள் அதனைப் பேரூராட்சி என்றே கூறும். எண்ணிப் பார்க்கும் பொறி பழையதனையே உண்மையென்று கொள்ளக்கூடும். ஊர்ப்பெயரும் அத்தகையதே. 16ஆம் நூற்றாண்டுத் தென்காசிப் பாண்டியருள் ஒருவனாகிய அதிவீரராமன் பெயரே அதிராம்பட்டினம் என மருவிற்று என்பர். இக்கூற்று நூறு பக்கங்களில் இருப்பினும், ஒருவர் எழுதியதனை மற்றையோர் பெயர்த்தெழுதியிருப்பின் சான்று ஒன்றேயாம். இன்று வழங்கும் பெரிய மொழி மாதிரிகள் வேறு முறையிற் கற்பினும், மிகுதியாகப் பயிலும் கூற்றின் பக்கம் சாயும் இயல்பு அவற்றுக்கும் உண்டு.

சுவடி பதிப்பித்தோர் இதனை நன்கு அறிவர். ஓர் ஏட்டினின்று பெயர்த்தெழுதிய பத்து ஏடுகள் பத்துச் சாட்சிகள் ஆகா. மூல ஏடு எது, வழி ஏடு எது எனத் தெளிந்த பின்னரே பாடம் கொள்ளப்படும். பொறிக்குத் தமிழ் பயிற்றுவோர் ஒவ்வொரு செய்தியோடும் அஃது எழுதப்பெற்ற ஆண்டினையும் அதன் மூலத்தினையும் இணைத்துத் தருதல் வேண்டும் என்பது எம் கருத்து. இப்பணியைப் பொறியியலாரிடமே விட்டுவிடுதல் தகாது. பாடபேதம் நோக்கிப் பழகிய முதுகலை மாணவர் இதனைச் செய்யவல்லர். அதிரையின் பெயர்க்காரணத்தையே அவர்கள் முதற்கண் எடுத்துக்கொள்ளலாம்.