மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள்

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளுக்குப் பேர்போனது. தேக்குக் கதவு, எனாமல் வாளி, பீங்கான் ஜாடி, சாய்வு நாற்காலி என்று சாமான்கள் வாசல் வரைக்கும் வந்து நிற்கும். இவற்றில் நிறைய செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்தவை. அந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் பர்மாவில் தொழில் செய்த நாட்களில் அங்கிருந்து கப்பல்களில் தேக்கு வந்து இறங்கியது. தூண், கதவு, ஊஞ்சல், பெட்டி எல்லாம் அந்த மரத்தில்தான் செய்தார்கள். 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் அந்தத் தொழில் நின்றுபோனது. பிறகு வீடுகள் பங்கு பிரிந்தன, சில இடிக்கப்பட்டன, உள்ளே இருந்தவை கடைக்கு வந்தன.

அப்படி ஒரு கடையில், கணக்குப்பிள்ளை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதிய சாய்வு மேசை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். “நூற்றைம்பது வருஷத்துப் பொருள்” என்கிறார் கடைக்காரர். அது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மேசையில் தேதி எழுதியிருக்காது. ஆனால் மரமும் ஆணியும் பசையும் சேர்ந்து நிறையச் சொல்லும். கேட்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் பெரியவர் ஒருவர் துணையோடு மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள். மேல்பக்கத்தைப் பார்த்து வயதைச் சொல்வது கடினம். எத்தனையோ பேர் அதைத் துடைத்து, தேய்த்து, பாலிஷ் போட்டிருப்பார்கள். அடிப்பக்கத்தையும் முதுகுப்பக்கத்தையும் இழுப்பறையின் உட்பக்கத்தையும் யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள். தச்சர் விட்டுப்போன தடங்கள் அங்கே அப்படியே இருக்கும்.

ரம்பம் போன வழியைத் தேடுங்கள். கோடுகள் நேராக, ஆனால் ஒழுங்கில்லாமல் சாய்ந்து சாய்ந்து போனால் கையால் அறுத்த பலகை. வில் போல வளைந்த கோடுகள் ஒரே இடைவெளியில் இருந்தால் அது வட்ட ரம்பத்தின் வேலை. வட்ட ரம்பம் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் புழக்கத்துக்கு வரத் தொடங்கியது. 19-ஆம் நூற்றாண்டில் பர்மாவின் மோல்மீன், ரங்கூன் நகரங்களில் நீராவியால் ஓடும் அறுவை ஆலைகள் இருந்தன. எனவே பர்மாத் தேக்கில் வளைந்த கோடு இருந்தாலும் அது பழையதாக இருக்கலாம். நேர்க்கோடு இருப்பதாலேயே பழையது என்றும் சொல்லிவிட முடியாது. நம் ஊர்களில் கையால் அறுப்பது 20-ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

இங்கே ஒரு முக்கியமான விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தத் தடயமும் “இந்த ஆண்டில் செய்தது” என்று சொல்வதில்லை. “இந்த ஆண்டுக்கு முன்னால் செய்திருக்க முடியாது” என்று மட்டும்தான் சொல்லும்.

திருகாணிகளை எடுத்துக்கொள்வோம். மிகப் பழைய திருகாணிகளைக் கையால் அராவிச் செய்தார்கள். தலையில் உள்ள பள்ளம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். நுனி மொட்டையாக இருக்கும். கூர்நுனித் திருகாணிகள் இயந்திரத்தில் பெருமளவில் வரத் தொடங்கியது 1840-களில். தலையில் கூட்டல் குறி உள்ள திருகாணி 1930-களில் வந்தது. மேசையில் கூட்டல் குறித் திருகாணி இருந்தால் கடைக்காரர் சொன்னது பொய்யாகிவிடுமா? அவசரப்படக் கூடாது. கீலைச் சுற்றிக் கூர்ந்து பாருங்கள். பக்கத்திலேயே அடைபட்ட பழைய ஓட்டைகள் தெரிந்தால், மேசை பழையது, கீல் மட்டும் பின்னால் மாற்றியது என்று அர்த்தம்.

பசையும் அப்படித்தான். அந்தக் காலத்துத் தச்சர்கள் மாட்டுத்தோல், எலும்பு இவற்றைக் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசையைச் சூடாக்கித் தடவினார்கள். காய்ந்தால் பழுப்பாக, கண்ணாடி மாதிரி உடையும். நம் வீடுகளில் இருக்கும் வெள்ளைப் பசையான ஃபெவிகால் வந்தது 1959-இல். மூட்டுக்குள் அப்படிப்பட்ட செயற்கைப் பசை இருந்தால் அந்த மூட்டு பெரும்பாலும் 1959-க்கு முன் ஒட்டியதாக இருக்காது.

இனி எனக்கு மிகவும் பிடித்த தடயத்துக்கு வருகிறேன். இதற்கு ஓர் அளவு டேப் போதும்.

மரம் என்பது நீளமான நுண்குழாய்களின் கட்டு. குழாய்ச் சுவர்களில் நீர் ஊறியிருக்கும். மரம் காயும்போது சுவர்கள் மெலிகின்றன. குழாயின் நீளம் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அதனால் பலகை அகலத்தில் சுருங்கும், நீளத்தில் சுருங்காது. அகலத்திலும் எல்லாத் திசையிலும் ஒரே அளவு இல்லை. பச்சைத் தேக்கு முழுக்கக் காய்ந்தால் வளையங்களின் போக்கில் சுமார் 5.8 சதவீதம் சுருங்கும். வளையங்களுக்குக் குறுக்கே, அதாவது நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில், சுமார் 2.5 சதவீதம்தான். வேறு பல மரங்களோடு பார்த்தால் இது குறைவு. மழையிலும் வெயிலிலும் தேக்குக் கதவு கோணாமல் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

மரம் அறுத்துக் காயவைத்த பிறகும் சும்மா இருப்பதில்லை. ஐப்பசி மழையில் ஈரம் வாங்கி உப்பும், சித்திரை வெயிலில் வற்றிச் சுருங்கும். பல பத்தாண்டுகளுக்கு இப்படியே நடந்தால் அளவில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றம் தங்கிவிடும். ஆகவே பழைய வட்ட மேசை ஒன்றை மரத்தின் ரேகையோடு ஒருமுறையும், ரேகைக்குக் குறுக்கே ஒருமுறையும் அளந்து பாருங்கள். குறுக்களவு சில மில்லிமீட்டர் குறைந்திருக்கும். செய்தபோது வட்டமாக இருந்தது இப்போது நீள்வட்டம் ஆகியிருக்கிறது! மூட்டில் அடித்த மர ஆணியும் இப்படித்தான். உருண்டையாகச் செதுக்கியது முட்டை வடிவாகி, விரலால் தடவினால் நெருடும். பளபளப்பையும் கறையையும் போலியாகச் செய்துவிடலாம். இந்தச் சுருக்கத்தை அவ்வளவு எளிதில் செய்ய முடியாது.

பூச்சி ஓட்டைகளையும் கவனியுங்கள். மரத்தைத் தின்னும் வண்டின் புழு உள்ளே வளைந்து வளைந்து குடைந்துகொண்டு போகும். வண்டாகி வெளியேறும்போது மேற்பரப்பில் சிறிய வட்ட ஓட்டை போடும். போலிக்காகத் துளையிடும் கருவியால் போட்ட ஓட்டையில் மெல்லிய கம்பியை விட்டால் நேராக இறங்கும். புழு போட்ட ஓட்டை வளையும். பலகையின் மேலே வாய்க்கால் போலத் திறந்த தடங்கள் ஓடினால் இன்னொரு செய்தி கிடைக்கிறது. புழு குடைந்த பிறகுதான் அந்தப் பலகையை அறுத்திருக்கிறார்கள். மரம் பழையது, மேசை புதியது! இடித்த வீட்டின் உத்தரத்திலிருந்து புதிய மேசை செய்வது தப்பில்லை. அதைப் பழைய மேசை என்று விற்பதுதான் தப்பு.

மரத்தின் வயதும் சாமானின் வயதும் வேறு வேறு என்பதை ஆண்டு வளையங்கள் இன்னும் தெளிவாகக் காட்டும். நல்ல மழை பெய்த ஆண்டில் வளையம் அகலமாகவும் வறண்ட ஆண்டில் ஒடுக்கமாகவும் விழும். தேக்கில் இந்த வளையங்கள் நன்றாகத் தெரியும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் கேரளத் தேக்கு மரங்களின் வளையங்களைக் கோத்து, 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுகளுக்கு ஒரு வரிசை அமைத்து, பருவமழை பொய்த்த ஆண்டுகளை அதில் ஆராய்ந்தார்கள். இத்தகைய வரிசையோடு ஒரு பலகையின் வளையங்களைப் பொருத்திப் பார்த்தால் அந்த மரம் வாழ்ந்த காலம் தெரிந்துவிடும். ஆனால் மரமும் வரிசையும் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்திருக்க வேண்டும். பலகையில் போதுமான வளையங்களும் வேண்டும்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நகரின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் ‘மெசையா’ என்ற வயலின் இருக்கிறது. இத்தாலியின் ஸ்ட்ராடிவாரி 1716-இல் செய்தது என்று பெயர். அவர் செய்ததுதானா என்று ஐயம் கிளம்பியபோது மேற்பலகையின் வளையங்களை ஆராய்ந்தார்கள். அவை 1577 முதல் 1687 வரை உள்ளவை என்று தெரிந்தது. பட்டை ஓரத்து வளையங்கள் செதுக்கும்போது போயிருக்கும். மரத்தைச் சில காலம் உலர்த்தியும் இருப்பார்கள். ஆகவே 1716 பொருந்துகிறது. நம் விதியை மறக்க வேண்டாம்: வயலின் 1687-க்கு முன் செய்ததல்ல என்பதுதான் வளையங்கள் சொன்ன சேதி.

சரி, மேசை பழையதுதான் என்று முடிவாகிறது. கால் ஒன்று ஆடுகிறது, பாலிஷ் மங்கிவிட்டது. பழுதுபார்க்கத் தகுமா?

மூட்டு ஆடுவது பெரிய குறையே இல்லை. வச்சிரப் பசை வெந்நீர் ஈரத்தில் இளகும். தச்சர் மூட்டைச் சேதமில்லாமல் பிரித்துத் திரும்ப ஒட்டிவிடுவார். அரக்குப் பாலிஷும் நல்ல குணமுள்ளது. அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவது அது. புதிதாகப் பூசும் அரக்கு பழைய பூச்சைச் சற்றுக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். முன்பு பூசியது அரக்குதானா என்று அறிய, பெரியவர்களிடம் சொல்லி மறைவான மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தொடச் சொல்லுங்கள். பிசுபிசுத்தால் பெரும்பாலும் அரக்கு. வைரம் பாய்ந்த பகுதி கெட்டியாக இருந்து வெளிறிய ஓரம் மட்டும் உளுத்திருந்தால், அந்த ஓரத்துக்கு மட்டும் அதே மரத்தில் ஒட்டுப் போடலாம். தாங்குகிற கால்களே உள்ளே பொடியாகிப் போயிருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

உண்மையில் பழைய சாமானைக் கெடுப்பது பெரும்பாலும் உப்புத்தாள்தான். வெளிச்சத்திலுள்ள புற ஊதாக் கதிர் மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருளை மாற்றுவதால் மரத்தின் நிறம் முதிர்கிறது. இந்த மாற்றம் ஒரு மில்லிமீட்டரிலும் குறைந்த ஆழத்துக்கே இறங்கும். நூறு ஆண்டு வெளிச்சம் சேர்த்த நிறத்தை இயந்திரம் வைத்துத் தேய்த்தால் ஒரு மணி நேரத்தில் போய்விடும். கூடவே உளித் தடமும், கணக்குப்பிள்ளையின் மைக்கறையும், கை பட்டுத் தேய்ந்த விளிம்பும் போய்விடும். மேசை பளிச்சென்று இருக்கும். அதன் வயதைச் சொல்ல அதில் ஒன்றும் மிஞ்சாது. பழம்பொருள் வாங்குகிறவர்களும் அதற்கு விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய பெட்டியோ மேசையோ இருந்தால், பாலிஷ் போட ஆள் வருவதற்கு முன்பே எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். யார் செய்தது, யார் பயன்படுத்தியது என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி இழுப்பறைக்குள் போடுங்கள். “உப்புத்தாள் வேண்டாம், துடைத்து அரக்கு மட்டும் பூசுங்கள்” என்று தச்சரிடம் சொல்லும்படி அப்பா அம்மாவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.